போதைப் பழக்கமும் மனநோயும் சேர்ந்து வந்தால்: நெல்லைச் சீமைக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வீட்டில் ஒருவர் குடிக்கிறார், அல்லது கஞ்சா இழுக்கிறார், அல்லது மாத்திரை போடுகிறார். கூடவே மனசும் சரியில்லை. இப்படிப்பட்ட வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு விதமாக யோசனை சொல்வார்கள். "முதல்ல பழக்கத்தை விடச் சொல்லுங்க, மனசு தானா சரியாயிரும்" என்பார் ஒருவர். "மனசுல உள்ள பாரம் இறங்குனா குடி தானா நின்னுரும்" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நம்பி, ஒன்று முடியட்டும் அப்புறம் அடுத்ததைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் இரண்டும் முற்றிவிடும். குடி மனசைக் கெடுக்கும், கெட்ட மனசு குடிக்கக் கூப்பிடும். இரண்டுக்கும் ஒரே சமயத்தில், முடிந்தால் ஒரே மருத்துவரிடம் சிகிச்சை வேண்டும். இனி நான் சொல்லப்போவதெல்லாம் அதை எப்படி நடத்துவது என்பதுதான்.

அதை நடத்துவது லேசு இல்லை. சில மறுவாழ்வு மையங்களில் "இவருக்கு மனநோய் இருக்கு, சேர்க்க மாட்டோம்" என்பார்கள். சில மனநல கிளினிக்குகளில் "குடியை நிறுத்திட்டுக் கூட்டிட்டு வாங்க" என்பார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதனால் "இது எங்க வேலை இல்லை" என்று ஒரு மனநல மருத்துவர் சொன்னால் பணிவாக, ஆனால் விடாமல் கேட்கலாம். 2019இல் வெளியான எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியக் கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சைக்குப் போயிருக்கிறார். மீதி 37 பேரும் அவர்கள் வீட்டாரும் தெருவில் கேட்ட யோசனையை வைத்தே காலம் தள்ளுகிறார்கள்.

படி 1: இன்றைக்கே ஆபத்தா என்று பாருங்கள்

மற்ற படிகளை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் 108க்கு அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் கை உதறல், வியர்வை, படபடப்பு வரும். முதல் 2 நாளில் வலிப்பு வரலாம். 2ஆம் நாளிலிருந்து 4ஆம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலிக்கும். இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார், செத்துப்போன அப்பாவோடு பேசுவார், எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாது. இதைப் பேய் என்றும் பைத்தியம் என்றும் நினைத்து அறையில் பூட்டுகிற வீடுகள் உண்டு. இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. ஆனால் மருத்துவமனையில் சில நாளில் தெளிய வைத்துவிடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பக்கத்துக் கிளினிக்கில் "குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பு வரும்" என்று கேட்பது நம்மூர் வழக்கம். நெடுநாள் குடித்தவர் உடம்பில் பி1 என்ற தயமின் சத்து வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்; குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு என்று அது தெரியவரும். "இவர் தினமும் குடிக்கிறவர், பி1 ஊசி போட்டீர்களா?" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

வலி மாத்திரை, தூக்க மாத்திரை, சரக்கு ஆகியவற்றைச் சேர்த்து எடுத்தவர் எழுப்பினாலும் எழும்பாமல், மூச்சு மெதுவாகி, தொண்டையில் கர்ர் கர்ர் என்று சத்தம் வந்து, நகமும் உதட்டின் உள்பக்கமும் நீலம் பூத்தால் அது அளவு மீறியது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். என்ன எடுத்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அபின் வகை மாத்திரை, ஊசி என்றால் நாலக்சோன் என்ற முறிமருந்து உண்டு, தெரிந்தால்தானே கொடுப்பார்கள்.

சாக வேண்டும் என்று பேசினால், "சும்மா மிரட்டுதான்" என்று விடாதீர்கள். நேராகவே கேளுங்கள்: "செத்துப்போயிரலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. உள்ளே இருப்பது வெளியே வர அது வழி விடும். வயலும் வாழையும் உள்ள வீடுகளில் பூச்சிமருந்து எப்போதும் திண்ணையோரம் இருக்கும். அதை எடுத்து வேறொருவர் வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். மாத்திரைப் பட்டைகளும் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். போதை ஏறியிருக்கும்போது எடுக்கிற முடிவு நிமிடங்களில் நடந்துவிடும், அந்த நிமிடங்களில் கைக்கு எட்டாமல் இருப்பதே பாதி காப்பு. ஏற்கெனவே முயன்றவர் என்றால், போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து "தெரியாமக் குடிச்சிட்டான்" என்று மருத்துவரிடம் சொல்லாதீர்கள். 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும் 2024 ஜூலை 1 முதல் இல்லை.

கடைசியாக, சந்தேகம். நெடுநாள் குடித்தவர்களில் சிலருக்கு மனைவி மேல் வரும் சந்தேகம் வெறும் சண்டைப் பேச்சு கிடையாது. அது நோயாகவே முற்றும். ஃபோனைத் தோண்டுவது, துணியைச் சோதிப்பது, பின்னாலேயே வருவது என்று போய் அரிவாளில் முடிந்த கதைகளை நாம் பேப்பரில் படிக்கிறோம். இந்த அறிகுறி கண்டால் அரிவாள், கத்தியை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். அந்தப் பெண் கொஞ்ச நாள் தாய் வீட்டில் இருக்கட்டும். பெண்கள் உதவிக்கு 181 இருக்கிறது. "அனுசரிச்சுப் போ" என்று அறிவுரை சொல்கிற நேரம் இதுவல்ல.

படி 2: என்ன எடுக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றையும் "போதை" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றும் மனசை வேறு வேறு விதமாகப் பிடிக்கிறது.

குடி நாளடைவில் சோர்வையும் அழுகையையும் தூக்கக் கேட்டையும் கொண்டுவரும். "குடிச்சாத்தான் தூக்கம் வருது" என்பார்கள். உறங்க வைப்பதும் அதுதான், அதிகாலை 2 மணிக்கு எழுப்பி விடுவதும் அதுதான். சிலருக்கு நிதானமாக இருக்கும்போதே காதில் திட்டும் குரல் கேட்கும்.

கஞ்சாவை "இலைதானே, இயற்கைதானே" என்று சொல்லி இளவட்டங்கள் தங்களையே சமாதானப்படுத்திக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் அது மனநோயைக் கொண்டுவராது, உண்மைதான். ஆனால் பதின்வயதில் தொடங்கியவர்கள், தினமும் இழுப்பவர்கள், குடும்பத்தில் மனச்சிதைவு உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடும். எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள், ஃபோனை ஒட்டுக் கேட்கிறார்கள், சோற்றில் என்னவோ கலந்திருக்கிறார்கள் என்று பேசத் தொடங்கினால் நாள் கடத்தாதீர்கள். நிறுத்தியதும் முதல் வாரத்தில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை உச்சத்தில் இருக்கும். அதைப் பார்த்து "விட்ட பிறகுதான் மோசமாயிட்டான்" என்று முடிவு கட்ட வேண்டாம்.

வலி மாத்திரைகளைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் இப்போது தமிழ்நாட்டில் பரவியிருக்கிறது, டேபென்டடால் அதில் அடிக்கடி அடிபடும் பெயர். மாத்திரையில் இருக்கும் மாவுப் பொருள் ரத்தக்குழாயில் அடைத்துச் சீழ் பிடிக்க வைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவியும் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் வரும். நிறுத்தினால் உடம்பு முறுக்கும், வயிறு கலக்கும், மூக்கு ஒழுகும், ஒரு கண் உறக்கம் இருக்காது. பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும், அந்த வேதனையில் சாகலாம் என்று தோன்றுவது ஆபத்து. தூக்க மாத்திரையைப் பல மாதம் போட்டவர் மட்டும் சட்டென்று நிறுத்தவே கூடாது. குடியைப் போலவே வலிப்பு வரும். மருத்துவர் சொன்னபடி அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இந்தத் தூக்க மாத்திரைப் பழக்கம் பெண்களிடமும் உண்டு. வீட்டுக்கு வெளியே தெரியாது, யாரும் கேட்பதும் இல்லை.

கூல் லிப், ஹான்ஸ், பீடி, சிகரெட்டை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பீடி, சிகரெட்டை ஒரு விஷயத்துக்காகச் சேர்க்க வேண்டும்: ஓலன்சபின், குளோசபின் போன்ற மனநல மருந்துகளைப் புகைப்பழக்கம் ரத்தத்தில் குறைத்துவிடும். பீடியை நிறுத்தியதும் அதே மாத்திரை கூடுதலாக வேலை செய்து ஆளைத் தூங்க வைக்கும். புகையை விட்டாலும் தொடங்கினாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 3: எது முன்னால் வந்தது? ஒரு நோட்டில் எழுதுங்கள்

மருத்துவர் கேட்கிற கேள்விகளில் இதுதான் முக்கியமானது, வீட்டார் பதில் தெரியாமல் விழிப்பதும் இதற்குத்தான். போகும் முன்பே ஒரு நோட்டில் கோடு போட்டு, எந்த வயதில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். எப்போது முதல் குடி, எப்போது தினக்குடி, எப்போது முதல் தடவை உறக்கம் கெட்டது, எப்போது வேலைக்குப் போகாமல் அறைக்குள் அடைந்தார், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்றெல்லாம் இருக்கட்டும்.

அதைவிட முக்கியம், எடுக்காமல் இருந்த நாட்கள். இதற்கு நம் சீமையில் ஒரு வசதி இருக்கிறது. சபரிமலைக்கு 41 நாள் மாலை போட்டு ஒரு சொட்டுத் தொடாதவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு மாலை போட்டு விரதம் இருந்து காளி வேஷம், குறவன் வேஷம் கட்டுகிறவர்கள் உண்டு. மேலப்பாளையத்தில் ரமலான் மாதம் முழுவதும் கை வைக்காதவர் உண்டு, பாளையங்கோட்டையில் தவக்காலத்தில் நிறுத்துகிறவர் உண்டு. வளைகுடா வேலைக்குப் போய் இரண்டு வருஷம் சரக்கே பார்க்காதவரும் உண்டு. அந்த நாட்களில் மனசு எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். முதல் 2, 3 வாரம் எரிந்து விழுந்து, அப்புறம் முகம் தெளிந்து, நன்றாக உறங்கி, பிள்ளைகளோடு சிரித்துப் பேசியிருந்தால் சோர்வு பெரும்பாலும் குடியிலிருந்து வந்தது. மாலை போட்ட முழு மண்டலமும் மூலையில் உட்கார்ந்து அழுதிருந்தால், அல்லது அப்போதும் குரல் கேட்டிருந்தால், குடிக்கு அப்பால் தனியாக ஒரு மனநோய் இருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவர்கள் இதைப் பிரித்துப் பார்க்கச் சுமார் 4 வாரம் எடுக்காத காலத்தைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள். உங்கள் வீட்டில் அந்தச் சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கலாம். யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்று, இந்த 4 வாரக் கணக்கு காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான், சிகிச்சையைத் தள்ளிப்போட இல்லை. சாவு எண்ணமும் குரலும் சந்தேகமும் இருந்தால் இன்றைக்கே மருந்து தொடங்க வேண்டும். இரண்டு, காலையில் எழுந்ததும் கை உதறிக் குடிக்கிற நிலையில் இருப்பவர் "சாமி பார்த்துக்கும்" என்று திடீரென மாலை போட்டால், விரதத்தின் 2ஆம், 3ஆம் நாளில் வலிப்பு வரலாம். மாலை போடட்டும், தப்பில்லை. அதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, பாதுகாப்பாக நிறுத்த மாத்திரை வாங்கிக்கொண்டு போடட்டும். குருசாமிமார்கள் இதை மட்டும் கேட்டுப் பழகினால் நிறைய உயிர் மிஞ்சும் என்பது என் எண்ணம்.

படி 4: பேச்சை எடுப்பது

போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். பழைய கணக்கு, போன நகை, சீரழிந்த மானம் எல்லாம் அப்போதுதான் வாய்க்கு வரும், அவருக்கு மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது. காலையில், முகம் கழுவிக் காப்பி குடித்த பிறகு, ஒரே ஒரு ஆள் பேசட்டும். யார் என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். தாய்மாமன், அக்கா மாப்பிள்ளை, கூடப் படித்த சினேகிதன் என்று அவர் மதிக்கிற ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பஞ்சாயத்து வைத்தால் தலையாட்டுவார், சாயங்காலம் கடைக்குப் போய்விடுவார்.

குடியிலிருந்து தொடங்காமல் உறக்கத்திலிருந்து தொடங்குங்கள். "குடிகாரன்" என்றால் கதவைச் சாத்துகிறவர், "உறக்கம் இல்லியா" என்று கேட்டால் திறக்கிறார். ஓர் அக்கா தம்பியிடம் இப்படிக் கேட்கலாம்:

"ஏல தம்பி, நாலு நாளா நீ உறங்கவே இல்லியே. ராத்திரி முத்தத்துல நடந்துக்கிட்டே இருக்க. உள்ளுக்குள்ள என்னமும் பண்ணுதா?"

"ஒண்ணும் இல்லக்கா. நீ போய்ப் படு."

"சரி, நான் ஒண்ணும் கேக்கல. உறக்கத்துக்கு மட்டும் டாக்டரைப் பாப்பமா? நானும் கூட வாரேன்."

இது ஏமாற்று வேலை இல்லை. உறக்கம் உண்மையிலேயே கெட்டிருக்கிறது, மருத்துவரிடம் போனால் மற்றதும் வெளியே வரும். ஆனால் "கோயிலுக்குப் போறோம்" என்று சொல்லி ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவது ஏமாற்று. அடுத்த தடவை அவர் வண்டியில் ஏறவே மாட்டார்.

முதல் பேச்சில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிட்டு, அடுத்த வாரம் எடுங்கள். அவர் வரமாட்டேன் என்றாலும் நீங்கள் மட்டும் போய் மருத்துவரிடமோ தொலைபேசி ஆலோசகரிடமோ யோசனை கேட்கலாம். இது பலருக்குத் தெரியாது.

படி 5: எங்கே போவது

வெளியே கிளம்பவே முடியவில்லை என்றால் முதலில் ஃபோன். 14416 என்பது டெலி மனஸ், 2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுக்க இயங்கும் இலவச மனநல உதவி எண். தமிழ்நாட்டில் இதை "நட்புடன் உங்களோடு மனநல சேவை" என்பார்கள், தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் கூப்பிடலாம். போதைப் பழக்கத்துக்கென்று 14446 என்ற தேசிய உதவி எண் உண்டு. 104இலும் ஆலோசனை கிடைக்கும்.

நேரில் போவதற்கு, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஊர்க்காரர்களுக்கு "ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி" என்றால்தான் தெரியும். அங்கே மனநலப் பிரிவு உண்டு, மாத்திரை இலவசம். தூத்துக்குடிப் பக்கம் அங்குள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தென்காசிப் பக்கம் மாவட்டத் தலைமை மருத்துவமனை. வள்ளியூர், ராதாபுரம் பக்கத்துக்காரர்களுக்கு நாகர்கோவில் ஆசாரிப்பள்ளமும் தூரமில்லை. 2025இல் அரசு மருத்துவமனைகளில் "கலங்கரை" என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டன. பக்கத்தில் எது இருக்கிறது என்று 104இல் கேளுங்கள்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கு வருவார். எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்பதை உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆலங்குளம், முக்கூடல், கடையம் பக்கம் பெண்கள் சுற்றும் பீடியில்தான் பல வீடுகளின் அடுப்பு எரிகிறது. ஹைகிரவுண்டுக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். மாதாமாதம் மாத்திரை வாங்கப் பக்கத்து ஊருக்குப் போனால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். சிகிச்சை பாதியில் நிற்பதற்கு மனசு காரணமாக இருப்பதைவிடப் பஸ் காசும் போன கூலியும் காரணமாக இருப்பதுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் முதலிலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

போலீஸ் பயம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மனநல சிகிச்சைக்கு வந்தவர் சொன்னதை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017 சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. 1985ஆம் ஆண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, உட்கொண்டதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டியவர் தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சிகிச்சையை முடிக்காமல் போனால் அந்த விலக்கு பறிபோகலாம். விற்பனை வழக்குக்கு இது பொருந்தாது. ஏற்கெனவே வழக்கு இருந்தால் வக்கீலிடம் இந்தப் பிரிவைக் கேளுங்கள்.

படி 6: மருத்துவர் முன்னால், அப்புறம் மாத்திரையோடு

எழுதிய நோட்டு, இதுவரை சாப்பிட்ட எல்லா மாத்திரைப் பட்டைகள், பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். வீட்டார் 5 நிமிடம் பேசிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். மனைவி முன்னால் சொல்ல முடியாதது, அம்மா முன்னால் சொல்ல முடியாதது ஒவ்வொருவருக்கும் இருக்கும்.

மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். "பத்து நாள் சாப்பிட்டேன், ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துவதுதான் நம்மூரில் அடிக்கடி நடப்பது. அடுத்தது இது: "மாத்திரை போட்டா குடிக்கக் கூடாதாம்" என்று சொல்லி, குடித்த நாளெல்லாம் மாத்திரையை விட்டுவிடுவார்கள். வாரத்துக்கு 4 நாள் குடித்தால் 4 நாள் மாத்திரை இல்லை. அதனால் முதல் நாளே மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: "ஒருவேளை இவர் குடிச்சிட்டா அன்னைக்கு எந்த மாத்திரையை விடணும், எதை விடக் கூடாது?" தூக்க மாத்திரை வகையும் சரக்கும் சேர்ந்தால் மூச்சு அடங்கும். குடியை விடக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை போட்டவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். மனச்சிதைவு மருந்தை மாத்திரம் விட்டுவிட்டால் பழைய குரல் திரும்பி வரும். ஒவ்வொரு பட்டையிலும் பேனாவால் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்பது குடிக்க அனுமதி கேட்பது ஆகாது. நல்ல மருத்துவர் யாரும் கோபப்பட மாட்டார்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கும் போஸ்டர் உங்களுக்குத் தெரியும்: குடியை மறக்க மருந்து, அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம். வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. டைசல்ஃபிராம் இருந்து, தெரியாமல் அவர் குடித்தால் ஆள் சாகலாம். பிழைத்தாலும், வீட்டுச் சோற்றில் விஷம் கலக்கிறார்கள் என்ற சந்தேகத்துக்கு உண்மையான காரணம் கிடைத்துவிடும். ஏற்கெனவே சந்தேக நோய் உள்ளவருக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

ஊசி, வலி மாத்திரைக்கு அடிமையானவர்களுக்கு பியூப்ரனார்ஃபின் என்ற மாற்று மருந்து உண்டு. "போதைக்குப் போதையா?" என்று வீட்டார் முகம் சுளிப்பார்கள். மருத்துவர் கண்காணிப்பில் நாக்குக்கு அடியில் வைக்கிற அந்த மாத்திரை உடம்பு முறுக்கைத் தணித்து, வேலைக்குப் போக வைத்து, ஊசியிலிருந்து காப்பாற்றுகிறது. எனக்கு அதில் எந்தச் சங்கடமும் இல்லை.

படி 7: மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பது என்றால்

எல்லோருக்கும் அட்மிஷன் தேவையில்லை. முன்பு வலிப்போ புத்தி பேதலிப்போ வந்தவர், சாவு எண்ணம் உள்ளவர், வீட்டில் அடக்க முடியாத அளவு மனநோய் முற்றியவர் ஆகியோருக்குத்தான் அது முக்கியம். அவர்களுக்கும் முதல் இடம் மருத்துவமனை, மையம் அதற்கு அப்புறம்.

பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, சான்றிதழைக் காட்ட முடியுமா? மனநல மருத்துவர் யார், எந்தக் கிழமை வருவார்? வீட்டாரோடு ஃபோனில் பேசவும் பார்க்கவும் விடுவார்களா? மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் திரும்பி வந்துவிடுங்கள். "நாங்களே வேன்ல வந்து தூக்கிட்டுப் போயிருவோம், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்று சொல்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே போகாதீர்கள். அடித்துத் திருத்தினால் யாரும் திருந்துவதில்லை. 2017 சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. சொந்த விருப்பத்தில் சேர்ந்தவர் போக வேண்டும் என்று கேட்டால் பொதுவாக விட வேண்டும். ஒத்துக்கொள்ளும் நிலையில் இல்லாதவரைச் சேர்க்க 89ஆம் பிரிவில் தனி நடைமுறை உண்டு. அதற்கு இரண்டு வல்லுநர்கள் தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும், காலமும் 30 நாள் வரைதான்.

படி 8: கோயில், தர்கா, ஜெபம்

சுடலைமாடன் கோயிலுக்குக் கொண்டு போவதையும், பேச்சியம்மனிடம் திருநீறு வாங்குவதையும், ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிப் போவதையும் நான் கேலி பேச மாட்டேன். குடும்பம் நம்பிக்கையோடு ஒன்றாகக் கிளம்பிப் போவதே ஒரு தெம்பு. அங்கே அடித்தாலோ, பட்டினி போட்டாலோ, கட்டி வைத்தாலோ, மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்ப முடியாமல் செத்தார்கள். அதே ஏர்வாடியில் இப்போது தர்காவில் தொழுகையோடு அரசு மனநல மருத்துவமும் சேர்ந்து நடக்கிறது. கோயில் கொடைக்குப் போகும் பையில் மாத்திரையும் இருக்கட்டும்.

படி 9: வீடு திரும்பிய பிறகு

மையத்திலிருந்தோ, பாளையங்கோட்டைச் சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரம்தான் மிக ஆபத்தானது. சில மாதம் எடுக்காத உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு போட்ட அதே அளவு ஊசி, மாத்திரை இப்போது மூச்சை நிறுத்திவிடும். இதை வெளியே வருகிற நாளிலேயே அவரிடம் நேராகச் சொல்லுங்கள். "எடுக்காதே" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் இந்த விஷயம் அவருக்குத் தெரியாமலே போய்விடும். தப்பித் தவறி எடுத்தாலும் தனியாக இருக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

திரும்பக் குடித்துவிட்டால் வீடு இழவு வீடாகிவிடும். அது வேண்டாம். மறு சறுக்கல் இந்த நோயில் எதிர்பார்க்கக்கூடியதுதான். அன்று என்ன நடந்தது என்று அதே நோட்டில் எழுதுங்கள்: மாத்திரை தீர்ந்து எத்தனை நாள் ஆயிற்று, எத்தனை ராத்திரி உறக்கம் இல்லை, சம்பள நாளா, கொடையா, கல்யாண வீடா? பலருக்கு முதலில் உறக்கம் கெடும், அடுத்து மாத்திரை நிற்கும், அதற்கப்புறம்தான் குடி வரும். உறக்கம் கெட்டு 3 நாள் ஆனதுமே மருத்துவரைப் பார்த்துவிட்டால் நிறையச் சறுக்கலைத் தடுக்கலாம்.

நெல்லை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் ஏஏ கூட்டம் (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டம்) எங்கே நடக்கிறது என்று மனநலப் பிரிவில் கேளுங்கள். காசு கிடையாது, பெயர் வெளியே போகாது. ஆனால் மாத்திரையையும் நிறுத்து என்று அங்கே யாராவது ஒருவர் சொன்னால், அது அவருடைய சொந்த அபிப்ராயம் மட்டுமே. மனநல மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் மட்டும் கேளுங்கள்.

இவரைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கும் மனைவிக்கும் ஒரு வார்த்தை. அவருக்காக ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் உங்கள் பிரஷரையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். உறக்கமில்லை, அழுகை வருகிறது என்றால் உங்களுக்கும் ஒரு ஓபி சீட்டுப் போடுங்கள், அல்லது 14416க்கு உங்களுக்காகவே கூப்பிடுங்கள். கடன்காரருக்குப் பதில் சொல்வது, வேலை இடத்தில் பொய் சொல்லி லீவு வாங்குவது, வாந்தியைக் கழுவிவிட்டு ஒன்றும் நடக்காதது போல் இருப்பது இதெல்லாம் மெல்ல மெல்ல நிற்கட்டும். பிள்ளைகள் கேட்டால் "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, டாக்டர்கிட்ட போய்க்கிட்டு இருக்காங்க, இது உன்னால வந்தது இல்லை" என்று சொல்லுங்கள். 7 வயதுப் பிள்ளைக்கு அது போதும். 14 வயதுப் பிள்ளையிடம் என்ன நோய், என்ன மாத்திரை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்; கஞ்சாப் பொட்டலம் பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடை வரை வந்துவிட்ட காலத்தில், குடும்பத்தில் மனநோய் இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.